பெயர் தங்காத பெண்

நெடுங்கால்பட்டில் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்குப் பெயர் தங்காது. சிலருக்கு உடம்பில் சதை தங்காது, சிலருக்குக் கோபத்தில் வார்த்தை தங்காது, இவளுக்குப் பெயர் தங்காது, அவ்வளவுதான் என்று ஊரார் சொல்வார்கள். காலையில் ஒரு பெயர் வைத்தால் அன்று பொழுதுக்கும் அது அவள்மேல் இருக்கும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், ஆனால் மறுநாள் விடியும்போது வைத்தவருக்கும் கேட்டவருக்கும் அவளுக்குமே அது மறந்துபோயிருக்கும், எங்கேயாவது எழுதி வைத்திருந்தால் அந்த இடம் மட்டும் மழையில் நனைந்து காய்ந்தது மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

கைக்குழந்தையாக இருந்தபோது குலதெய்வத்தின் பெயரை வைத்துப் பார்த்தார்கள், ஜோசியர் சொன்ன எழுத்தில் ஒன்று வைத்துப் பார்த்தார்கள், கோட்டைமேட்டுப் பாதிரியார் தண்ணீர் தெளித்து ஒன்று வைத்தார், தர்காவில் ஓதி ஊதி ஒன்று வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமையாசிரியர் தன் பங்குக்குத் தூய தமிழில் ஒன்று வைத்தார், எல்லாம் விடிந்ததும் போய்விட்டன. அதற்குமேல் ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெயரில்லாதவளை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடலாம் என்பது மெல்ல மெல்ல எல்லோருக்கும் புரிந்தது. பூக்கட்டும் ராக்கம்மா, கிணற்றில் விழுந்து இறந்த தன் மகளின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுவாள், அவள் “என்னாத்தே?” என்று திரும்பியதும், ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். சைக்கிள் கடைக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்திருந்த ஒருத்தியின் பெயரை, மனைவி கேட்கும் தூரத்திலேயே, தைரியமாகச் சொல்லிக் கூப்பிடுவார். மாமியாருக்குப் பயந்து தான் ஆசைப்பட்ட பெயரைப் பிள்ளைக்கு வைக்க முடியாத மருமகள்கள் அவளிடம் வந்து, இன்னிக்கு ஒருநாள் நீ இந்தப் பேர்ல இரு என்று கேட்டுக்கொள்வார்கள், அவளும் சரி என்று இருப்பாள். கணக்கெடுக்க வந்த அதிகாரிகள் முதலில் கோபப்பட்டு, பிறகு குழம்பி, கடைசியில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். அவள் கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயருக்கு இடம் விட்டு அச்சடித்திருந்தார்கள். வந்தவர்கள் அவரவர் மனசில் இருந்த ஒரு பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டுப் போனார்கள். கட்டிக்கொண்டவன் முனிரத்தினம், கரும்பு லாரி ஓட்டுகிறவன், அவளை “ஏய்” என்றுதான் கூப்பிட்டான். ஊரில் எல்லாப் புருஷன்மாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்பதால் அதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அவளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. டாக்டர் அறைக்கு வெளியே நின்று நோயாளிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சத்தமாகக் கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். தன் பெயர் தங்காவிட்டாலும் அடுத்தவர் பெயர் ஒன்றுகூட அவளுக்கு மறந்ததில்லை.

இது எதனால் வந்தது என்று கேட்டால், நெடுங்கால்பட்டில் யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். தலைவர் அறவாழி அவளுக்குப் பெயர் வைக்க வாயைத் திறந்தபோதுதான் அவரைச் சுட்டார்கள். அந்தப் பெயர் வெளியே வராமல் அவரோடு போய்விட்டது. இடம் அதற்காகக் காலியாக இருக்கிறது, அதில் வேறு எது உட்காரும்?

அறவாழி அந்தப் பக்கத்து ஏழை சனங்களுக்கெல்லாம் தலைவர். நிலமில்லாதவர்களுக்குப் பட்டா வாங்கிக் கொடுத்தவர், ஏரித் தண்ணீரைக் கடைமடைக்கும் கொண்டுபோனவர், சாராயக் கடைகளை மூட வைத்தவர். சாராயக்காரர்கள் அவரைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள் என்று போலீசே சொல்லியிருந்ததால், வழியில் எங்கும் காரை நிறுத்தக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அப்படியிருந்தும் ஒருநாள் சாயங்காலம் நெடுங்கால்பட்டு வளைவில் கார் நின்றது, அவர் இறங்கினார், ஒரு பச்சைக் குழந்தையைக் கையில் வாங்கினார், கரும்புக் கொல்லைக்குள்ளிருந்து ஒருவன் வெளியே வந்து சுட்டான். டிரைவரும் அங்கேயே செத்தார். காரில் கூட இருந்த கட்சிக்காரர் ஒருவர் மட்டும் தப்பித்து, “குழந்தையைப் பார்த்தார், மனசு இளகி நிறுத்தச் சொன்னார், நான் எவ்வளவோ தடுத்தேன்” என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அவரும் கொஞ்ச காலத்தில் காமாலை வந்து போய்ச் சேர்ந்தார். சொன்னது மட்டும் நின்றுவிட்டது.

அந்தக் குழந்தையின் தாய் காசியம்மாள். வருஷா வருஷம் நினைவு நாளில் அவளை மேடையேற்றி, தலைவரின் கடைசி ஆசியைப் பெற்றவள் என்று சொல்லி, ஒரு புடவை போர்த்துவார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக வாங்கிய அந்தப் புடவைகளில் ஒன்றையும் அவள் உடம்பில் சுற்றியதில்லை, வெள்ளத்தில் வீடு போனவர்கள், பிரசவத்துக்கு வந்தவர்கள் என்று யாருக்காவது கொடுத்துவிடுவாள். ஊரார் அதையும் அவள் பெருந்தன்மையில் சேர்த்துக்கொண்டார்கள். புருஷன் செத்த பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள், மகள் அடுத்த தெருவில் இருந்தாள், தினமும் டூட்டி முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்த்து, ஒருவாய் தண்ணீர் குடித்து, இரண்டு வார்த்தை சண்டை போட்டுவிட்டுப் போவாள்.

இப்படி இருக்கும்போது, தலைவர் விழுந்த வளைவிலேயே கட்சி ஒரு பெரிய கட்டடம் கட்டியது. வெளியே அறவாழி கொலை வரலாற்று அருங்காட்சியகம் என்று பலகை வைத்தார்கள். ஊரார் மியூசியம் என்றார்கள். திறப்பு விழாவுக்குத் தலைவரின் மகன், எல்லோரும் இளையவர் என்று சொல்கிறவர், வரப்போகிறார் என்றும், அப்பா வைக்காமல் விட்ட பெயரை அன்றைக்கு மேடையிலேயே மகன் வைக்கப்போகிறார் என்றும் பேச்சு பரவியது. அவர் வாயால் வந்தால் தங்கும் என்று பாதி ஊர் நம்பியது. தங்கிவிட்டால் நம் பிள்ளை பெயரைச் சொல்லி இனி யாரைக் கூப்பிடுவது என்று ராக்கம்மா மாதிரி சிலர் உள்ளுக்குள் கலங்கினார்கள்.

விழாவுக்கு முன்னால், மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிற சுடர்மதி என்ற பெண் காசியம்மாளையும் மகளையும் கூப்பிட்டனுப்பினாள். வரலாறு படித்த பெண், மெட்ராஸ்காரி, பேச்சில் பணிவு இருந்தது.

“அம்மா, நேர்ல பார்த்தவங்கன்னு இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. ஒருதடவை சுத்திப் பாத்துட்டு, எதுனா தப்பா இருந்தா சொல்லுங்க. திறக்கறதுக்குள்ள மாத்திடலாம்.”

முதல் அறையில் தலைவரின் மூக்குக் கண்ணாடி, பேனா, அவர் சிறையில் சாப்பிட்ட அலுமினியத் தட்டு. இரண்டாவது அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் வேட்டி மடித்து வைக்கப்பட்டிருந்தது, கறை பழுப்பேறி, டீ கொட்டின மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில், பஞ்சு மெத்தைமேல், நகைக்கடையில் மூக்குத்தியை வைப்பதுபோல, குண்டு. மகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்துக்கொண்டு வந்தாள். இதெல்லாம் தன்னால் நடந்ததோ என்ற கூச்சம் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு உண்டு, அதனால் எதையும் அவள் தொடவில்லை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தாள். காசியம்மாள் எதையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கடைசி அறையில் கார் நின்றது, அதே கார், மெருகேற்றி. அதற்கு முன்னால் சுதைச் சிற்பங்களாக அந்தச் சாயங்காலத்தையே செய்து வைத்திருந்தார்கள். கைகளை விரித்தபடி தலைவர் இறங்கிக்கொண்டிருந்தார். சாலையோரப் புல்லில், அழகான முகத்தோடு, காசியம்மாள் ஒருநாளும் உடுத்தாத ஒரு சுங்குடிப் புடவையில், ஒரு தாய் நின்றாள். அவள் இடுப்பில் சுருக்கு வைத்த கவுன் போட்டு ஒரு குழந்தை சிரித்தது. சுடர்மதி ஒரு பொத்தானை அழுத்தினாள். கனத்த ஆண் குரல் ஒன்று எங்கிருந்தோ பேசியது: “ஏழைத் தாயின் இடுப்பில் சிரித்த மழலையைக் கண்டார் தலைவர். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும், வண்டியை நிறுத்து என்றார்…”

“அப்டி இல்ல,” என்றாள் காசியம்மாள்.

“எதும்மா? புடவையா?”

“புள்ள இடுப்புல இல்ல.”

“தோள்ல சாத்தியிருந்தீங்களா?”

“ரோட்டுல இருந்துச்சு.”

“ரோட்டோரமா?”

“நடு ரோட்டுல. நான்தான் போட்டேன். அதுக்கு முன்னால ரெண்டு புள்ளைங்க என் கையில தங்கல. இவரு பேரு வெச்ச புள்ளைங்க நல்லா இருக்குதுங்கன்னு சொன்னாங்க. போன தடவை கையக் காட்டினேன், காரு நிக்காம போயிடுச்சு, வீட்டுல கேலி பண்ணாங்க. இந்தத் தடவையும் நிக்காதுன்னு தெரியும். அதான் போட்டேன். அவுரு நிறுத்தச் சொல்லலம்மா. நிறுத்தாட்டி ஏறியிருக்கும்.”

குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. சுடர்மதி எட்டி அதை நிறுத்தினாள். மகள் கயிற்றுத் தடுப்பில் சாய்ந்து, அந்தச் சுருக்குக் கவுனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு எடுக்க மறந்துபோய் முகத்திலேயே இருந்தது.

காசியம்மாளுக்கு ஒருமுறை வாய் திறந்ததும் நிற்கவில்லை. கைக்கடிகாரத்தை அவர் உள்பக்கமாகக் கட்டியிருந்ததைச் சொன்னாள், மேலுதட்டில் வேர்த்திருந்ததைச் சொன்னாள், “இப்படியா தாயே ரோட்டுல போடுவாங்க” என்று சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்ததையும், என்ன பிள்ளை என்று கேட்டதையும், யோசித்துவிட்டு வாயைத் திறந்ததையும், குண்டு பட்ட பிறகும் பிள்ளையை விடாமல் முட்டி போட்டு உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டதையும், இடதுகால் செருப்பு கழன்று அவள் கால்பக்கம் வந்து கிடந்ததையும், இத்தனை வருஷமாக ஒருநாள் விடாமல் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த அத்தனையையும், ஒன்று குறையாமல், இங்கே நின்றார், இப்படித் திரும்பினார் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். “நான் கொன்னுட்டேன் அவர,” என்றாள். “எனக்குப் பொடவை போத்துறாங்க.”

சுடர்மதி அழுதுவிட்டாள். மகள் அழவில்லை, அம்மாவைக் கேட்டாள்.

“காரு எவ்ளோ தூரத்துல வந்துச்சு?”

“புளியமரத்தாண்ட.”

“வேகமாவா?”

“வேகமாத்தான்.”

“கீழ எதுனா விரிச்சியா?”

“என்னாது?”

“துணி. துண்டு, பழம்பொடவை, எதுனா. வெறும் தாருலயா என்னையப் போட்ட?”

காசியம்மாள் வாயைத் திறந்தாள். கடிகாரம் ஞாபகம் இருந்தது, செருப்பின் வார் அறுந்து தைத்திருந்தது ஞாபகம் இருந்தது, அவர் சட்டைப் பையில் தெரிந்த பச்சைப் பேனா ஞாபகம் இருந்தது, ஆனால் பிள்ளையைக் கீழே வைத்த அந்தக் கை, அந்த இடம், பிள்ளைக்கு அடியில் என்ன இருந்தது என்பது, தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அந்த இடத்தை அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

“தெரியல கண்ணு.”

“முப்பது வருசமா ராத்திரி ராத்திரி அழுவியே. எனக்குந்தான் சேத்து அழுவறன்னு நெனைச்சிருந்தேன்,” என்றாள் மகள். கையைப் பின்னால் கட்டியபடியே வாசல்வரை நடந்தாள். “டூட்டிக்கு நேரமாச்சு.”

அன்றிலிருந்து அவள் வழியில் எட்டிப் பார்ப்பது நின்றது. காசியம்மாள் வாசலில் சொம்பில் தண்ணீர் வைத்துக் காத்திருப்பாள். மகள் தெருவின் அந்தப் பக்கமாக, செருப்புச் சத்தம் கேட்காமல், போய்விடுவாள்.

கட்சிக்காரர் மாசிலாமணி விஷயம் தெரிந்து ஓடி வந்தார். மேடை, பந்தல், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. “இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? அவரா நிறுத்தினாருன்னா அவருக்கும் பெருமை, ஒனக்கும் பெருமை. யாரு வந்து கேட்டாங்க ஒன்ன? வா, உக்காரு, பொடவைய வாங்கு, இறங்கு.” காசியம்மாள் தலையை ஆட்டினாள். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

விழா அன்று வளைவில் நிற்க இடமில்லை. மேடையில் இளையவர் உட்கார்ந்திருந்தார், அப்பாவின் அதே நெற்றி. பக்கத்தில் பெயரில்லாத மகள், கட்சி கொடுத்த புடவையில், யாருக்கோ கல்யாணம் நடப்பதைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். புடவை போர்த்தக் கூப்பிட்டபோது காசியம்மாள் எழுந்துபோய், போர்த்த வந்த கையை விலக்கிவிட்டு மைக்கைப் பிடித்தாள். கல் எறிவார்கள், எறியட்டும் என்று அவள் உடம்பைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள். மகளிடம் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னாள். நிக்காத காரை நிக்க வெச்சது நான். நடு ரோட்டுல பெத்த புள்ளையப் போட்டேன். நான் போடாம இருந்திருந்தா அவரு வீடு போய்ச் சேந்திருப்பாரு. அவ்வளவுதான் சொன்னாள்.

கூட்டத்தில் எங்கோ பின்னால் ஒருவர் கை தட்டினார். அது பக்கத்தில் தாவி, அதற்குப் பக்கத்தில் தாவி, வளைவு முழுக்கப் பரவி, பந்தல் துணி அதிர்கிற அளவுக்கு எழுந்தது. “தலைவர் வாயால பேர் கேக்கறதுக்குப் பெத்த புள்ளையவே பணயம் வெச்ச வீரத்தாய்!” என்று யாரோ கத்தினார்கள். வாழ்க வாழ்க என்றார்கள். மாசிலாமணியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது இன்னும் நல்லா இருக்கே என்றார். காசியம்மாள் இல்லை, இல்லை என்று கையை ஆட்டினாள். வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். கடைசியில் இளையவர் எழுந்து வந்து, அப்பா இல்லாமல் வளர்ந்த அந்த மனிதர், எல்லோர் முன்னாலும் அவள் காலில் விழுந்தார். அவர் விரல் பாதத்தில் பட்டதும் நெருப்பை மிதித்தவள்போல அவள் பின்னால் நகர்ந்து, நாற்காலியில் இடித்துக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இளையவர் மகளுக்கு ஒரு பெயர் வைத்தார். நல்ல பெயர், நீளமான பெயர், மூன்று தடவை மைக்கில் சொன்னார், கூட்டமும் திருப்பிச் சொன்னது. விடிந்தபோது அதுவும் இல்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் அந்த இடம் மட்டும் வழவழப்பாக இருந்தது, பேப்பரில் வெள்ளையாக இருந்தது, இளையவருக்கே போன் போட்டுக் கேட்டபோது அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு லைனைத் துண்டித்துவிட்டார். ராக்கம்மா பூக்கூடையோடு வந்து, தெருவில் போன காசியம்மாள் மகளைத் தன் மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் திரும்பியதும் நிம்மதியாகப் போனாள்.

ஆனால் விழா முடிந்த அன்று சாயங்காலமே வேறொன்று நடந்தது. இளையவரின் கார் வளைவைத் தாண்டப் போனபோது ரோட்டில் குழந்தைகள் கிடந்தன. மெத்தையில் ஒன்று, பட்டுத் துணியில் ஒன்று, வாழையிலையில் ஒன்று என்று, பெயர் வைக்காத பிள்ளைகளைத் தாய்மார்கள் வரிசையாகக் கிடத்திவிட்டு, ஓரத்தில் கைகூப்பி நின்றார்கள். போலீஸ்காரர்கள் குனிந்து குனிந்து பொறுக்கி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பெரிய மனுஷர் அந்த வழியாகப் போனாலும் இதே கதையானது. அதற்குக் கிடத்தல் என்று ஒரு பேரும் வந்தது, கிடத்தினால் பிள்ளை தீர்க்காயுசாக இருக்கும் என்று வெளியூர்களிலிருந்தும் வந்தார்கள். காசியம்மாள் ஒருநாள் அங்கே போய், “எடுங்கடி, எடுங்கடி புள்ளைங்கள” என்று ஒவ்வொருத்தியாகக் கெஞ்சினாள். அவர்கள் அவளை அடையாளம் கண்டு, பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்து, ஆத்தா நீயே உன் கையால கிடத்திக் குடு என்றார்கள்.

மியூசியத்திலும் மாற்றினார்கள். புல்லில் நின்ற தாயை ரோட்டுக்குக் கொண்டுவந்து, இடுப்புப் பிள்ளையைப் பெயர்த்து, கார் சக்கரத்துக்கு முன்னால் படுக்க வைத்தார்கள். சுடர்மதி மறுபடியும் காசியம்மாளைக் கூப்பிட்டனுப்பினாள்.

“ஒரே ஒரு விஷயம்தான் முடிவாகல. குழந்தைக்குக் கீழ என்ன வைக்கறதுன்னு. கட்சியில, கொடியை விரிச்ச மாதிரி வைக்கச் சொல்றாங்க. சிற்பி ஒரு பழைய புடவை வைக்கலாங்கறார். நீங்க சொல்றதை வைக்கறேன்.”

காசியம்மாள் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். சுடர்மதி தடுக்கவில்லை. சுதைப் பிள்ளை, கறுப்புச் சாயம் பூசின தரையில், மல்லாந்து கிடந்தது. கால்கள் நீட்டியிருந்தன. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தலைவரைப் பார்க்காமல், காரைப் பார்க்காமல், அந்தப் பிள்ளையையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கால் இப்படி இருக்கவில்லையே என்று தோன்றியது. ஏன் இப்படி இருக்கவில்லை? முட்டி மடங்கி, வயிற்றோடு ஒட்டியிருந்தது. ஏன் மடங்கியது? அவள் தன் உள்ளங்கையைச் சாயம் பூசின தரையில் வைத்தாள். சில்லென்று இருந்தது. அப்போது வந்தது. பகலெல்லாம் வெயில் காய்ந்த ரோடு, அவள் கை அதில் பட்டதும் சுரீரென்றது, அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், பிள்ளையை விட்டுவிட்டு இழுத்துக்கொண்டாள், பிள்ளை இரண்டு காலையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு, அழக்கூடத் தெரியாமல், அவளையே பார்த்தது. அவள் காரைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல,” என்றாள்.

“என்னம்மா?”

“கீழ ஒண்ணும் விரிக்கல. வெறும் ரோடு. கொடியும் வேணாம், பொடவையும் வேணாம். காலு மட்டும் மடக்கி வெய்யி. சூடு தாங்காம தூக்கிக்கிச்சு.”

அங்கிருந்து அவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். மதிய நேரத்து ஓ.பி. கூட்டம், இருமலும் அழுகையுமாக இருந்தது. மகள் கதவோரம் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்: செங்கேணி, தாவூத் பீவி, கன்னியப்பன். அவரவர் பெயர் கேட்டு அவரவர் எழுந்து போனார்கள். காசியம்மாள் எல்லோரையும் போலச் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் முறை வந்தது. மகள் சீட்டைப் பார்த்தாள், மற்றவர்களைக் கூப்பிடும் அதே குரலில், “காசியம்மா” என்றாள்.

காசியம்மாள் எழுந்து அவள்முன் நின்றாள்.

“என்னா ஒடம்புக்கு?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நீ கேட்டியே, அது ஞாபகம் வந்துச்சு.”

மகள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“விரிக்கல. வெறும் தாருலதான் போட்டேன். சுரீர்னு இருந்துச்சு, என் கைய எடுத்துக்கினேன். நீ காலத் தூக்கிக்கின. என்னையப் பாத்த. நான் ஒன்னப் பாக்கல.”

பெஞ்சில் இருந்தவர்கள், அடுத்தது யாரு, சீக்கிரம் என்றார்கள்.

“இதச் சொல்றதுக்கா சீட்டு வாங்கின?”

“ஆமா.”

“மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன்னு நெனைக்காத.”

“கேக்கல.”

“வழிய விடு. கூட்டம் நிக்குது.”

காசியம்மாள் நகர்ந்தாள், நகர்ந்தவள் திரும்பினாள். ஊரில் எல்லோரும் அவளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஜோசியர் வைத்திருக்கிறார், பாதிரியார் வைத்திருக்கிறார், பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள், காசியம்மாள் மட்டும் ஒருநாளும் வைத்ததில்லை. பெரிய மனுஷர் வைக்க வந்த இடத்தில் நாம் வைப்பதா என்று இருந்துவிட்டாள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது கழனியில் களை பறித்துக்கொண்டே தனக்குள் ஒரு பெயர் சொல்லிப் பார்த்திருந்தாள், யார் காதிலும் விழாமல். அந்தப் பெயரைச் சொல்லி இப்போது மகளைக் கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. மகள் நிமிரவில்லை. “ஏகாம்பரம்,” என்று அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

மறுநாள் விடிந்தபோது காசியம்மாள் கண்ணைத் திறக்கப் பயந்துகொண்டு படுத்திருந்தாள். காக்கை கத்தியது, பால்காரன் மணி அடித்தான், அவள் மெதுவாக உள்ளுக்குள் தேடினாள். பெயர் இருந்தது. முழுசாக இருந்தது. சொல்லிப் பார்த்தாள், வாய்க்கு வந்தது.

எழுந்து, முகம்கூடக் கழுவாமல், அடுத்த தெருவுக்குப் போனாள். குழாயில் தண்ணீர் வருகிற நேரம், பெண்கள் வரிசையில் நின்றார்கள். மகள் நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள், முதுகு இந்தப் பக்கம். காசியம்மாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வரிசையில் நின்ற பெண்களுக்கு, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள் என்பது மட்டும்தான் காதில் விழுந்ததாம், என்ன பெயர் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் ஒருத்திக்கும் வரவில்லையாம். எனக்கு இதைச் சொன்னவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அதனால்தான் இவ்வளவு நேரமும் மகள் மகள் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் ஊரில் அவளை அவரவருக்கு வேண்டிய பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

மகள் நின்றாள். திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குடம் தளும்பி அவள் புடவை நனைந்தது. கோபம் இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை.

“என்னா?” என்றாள்.